மூன்றாம் வகுப்பில் போய் உட்காருங்கள்

கேள்வி:

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. நான் லாரன்ஸ் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். மகளுக்கு 5 வயது 7 மாதம். எல்கேஜி, யுகேஜி தனியார் நர்சரியில் படிக்க வைத்தோம். இனி அந்தக் கட்டணம் எங்களால் முடியாது, கடைசித் தவணையே பாக்கி. வரும் ஜூனில் அரசுப் பள்ளியில் 1-ஆம் வகுப்பு சேர்க்க முடிவு செய்துவிட்டோம். எந்தப் பள்ளி என்பதுதான் குழப்பம்.

எங்கள் தெரு முனையில் மாநகராட்சித் தொடக்கப்பள்ளி இருக்கிறது. 38 பிள்ளைகள், 2 ஆசிரியர்கள். கெடிலம் பாலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளி. 1 முதல் 5 வரை மட்டும் 140 பிள்ளைகள், 5 ஆசிரியர்கள், ஸ்மார்ட் போர்டு, ஆங்கில வழி உண்டு. மூன்றாவது, நல்ல பெயர் உள்ள ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப்பள்ளி. 110 பிள்ளைகள், 4 ஆசிரியர்கள். அங்கே ஆங்கில வழிக்குக் கட்டணம் உண்டு. கணவர் கட்டிடம், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு, ஆசிரியர் விகிதம் என்று 10 தலைப்பில் மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரித்தார். பாலம் தாண்டிய பள்ளி 72, உதவி பெறும் பள்ளி 70, தெருப்பள்ளி 61. புதுச்சேரி கிருமாம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா, "பாப்பாவை எங்கிட்ட விட்டுடு, இங்க கவர்மென்ட் ஸ்கூலே சிபிஎஸ்இ" என்கிறாள். மாமியார், "தெருவுலயே இருக்கட்டும், நான் பாத்துக்கறேன்" என்கிறார். அவருக்கு முழங்கால் வலி, தூரம் நடக்க முடியாது. எதில் சேர்த்தால் பிள்ளை வீணாகாமல் படிப்பாள்?

பெயர் வேண்டாமே, கடலூர்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அட்டவணையைப் பார்த்தேன். உங்கள் கணவர் பொறுமைசாலி. தொடக்கப்பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியராகி, கடைசியில் வட்டாரக் கல்வி அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கடைசி வருடங்களில் பள்ளிகளைப் பார்வையிட்டு நாங்கள் நிரப்பிய படிவமும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். அதனால் அதன் குறையும் எனக்குத் தெரியும். அதில் இருப்பதெல்லாம் கண்ணால் பார்த்து எண்ணக்கூடியவை. எழுத்துக்கூட்டித் திணறுகிற பிள்ளையை அந்தப் பள்ளி என்ன செய்கிறது என்பதற்கு அதில் கட்டமே இல்லை.

பத்தாம் வகுப்பு என்றால் தேர்ச்சி விழுக்காடு வருகிறது, பேப்பரில் போடுகிறார்கள், ஒப்பிடலாம். தொடக்கப்பள்ளிக்கு அப்படி எதுவும் கிடையாது. 5-ஆம் வகுப்புக்கும் 8-ஆம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று 2019-இல் அறிவித்தார்கள், 2020 பிப்ரவரியில் கைவிட்டார்கள். கைவிட்டது நல்லது என்பதுதான் என் கட்சி. பிள்ளைகளின் கற்றலை அளக்கும் ஆய்வுகள் உண்டுதான். ஆனால் மத்திய அரசின் பராக் ஆய்வு மாவட்ட அளவோடு நின்றுவிடும். ஏசர் ஆய்வு கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுப்பது, பள்ளிவாரியாக அதில் எதுவும் வராது. ஆக, உங்கள் தெருப்பள்ளிக்கும் பாலம் தாண்டிய பள்ளிக்கும் கற்றலில் என்ன வித்தியாசம் என்று சொல்லும் எண் எங்கேயும் இல்லை. நீங்களே போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால் அட்டவணையில் ஒரு கட்டத்தைத் திருத்தியாக வேண்டும். ஆசிரியர் விகிதம். தெருப்பள்ளியில் 38-க்கு 2, அதாவது 19 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று 10-க்கு 10 கொடுத்திருக்கிறீர்கள். பாலம் தாண்டிய பள்ளியில் 28-க்கு ஒருவர், அதற்கு 6. கணக்கு சரி. ஆனால் வகுப்பறைக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்குப் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான் ஆசிரியர். 60 பிள்ளை வரை 2 பேர், 61 முதல் 90 வரை 3 பேர், 120 வரை 4 பேர், 200 வரை 5 பேர். வகுப்புக்கு ஒருவர் என்று அது சொல்லவில்லை. ஈராசிரியர் பள்ளி என்றால் 5 வகுப்பை 2 பேர் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். வழக்கமாக ஒருவர் 1, 2, 3 மூன்றையும் ஒரே அறையில் வைத்துக்கொள்வார், மற்றவர் 4, 5. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியரும்கூட. ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போனாலோ, மகன் கல்யாணத்துக்கு விடுப்பு எடுத்தாலோ, இன்னொருவரிடம் 5 வகுப்பும் வந்து சேரும். அன்றைக்குப் பாடம் நடக்காது, மேய்ப்புதான் நடக்கும். நானே அப்படி மேய்த்திருக்கிறேன், அதனால் சொல்ல உரிமை உண்டு.

140 பிள்ளைக்கு 5 ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் மகளுக்கென்று ஒரு வகுப்பாசிரியர் இருப்பார். நடுநிலைப்பள்ளி என்பதால் தலைமையாசிரியர் தனி, அவருடைய கூட்டமும் கோப்பும் 1-ஆம் வகுப்பைத் தொடாது. உதவி பெறும் பள்ளியில் 110-க்கு 4 பேர் என்றால் ஏதோ இரண்டு வகுப்பை ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். எந்த இரண்டு என்று கேளுங்கள். 4, 5 என்றால் பரவாயில்லை. 1, 2 என்றால் யோசிக்க வேண்டும்.

இதை வைத்து ஈராசிரியர் பள்ளி என்றாலே மோசம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் பார்த்த மிகச் சிறந்த 1-ஆம் வகுப்பு ஓர் ஈராசிரியர் பள்ளியில்தான் இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உரக்கப் படிப்பதைக் கேட்டுக் கேட்டே சின்னதுகள் பாதி படித்துவிடும். ஒரே பாயில் அக்காவும் தம்பியும். ஆனால் அது அந்த இருவரின் திறமை. அவர்களில் ஒருவர் கோடையில் மாறுதல் கலந்தாய்வில் வேறு ஊருக்குப் போய்விட்டால் பள்ளியில் பாதி போய்விட்டது என்று அர்த்தம். 5 பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் போனால் ஐந்தில் ஒன்றுதான் போகும். சின்னப் பள்ளிக்கு அதுதான் கண்டம்.

இந்த எண்ணிக்கையெல்லாம் எங்கே எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. யூடைஸ் பிளஸ் என்ற மத்திய அரசின் பள்ளி விவரத் தளத்தில் பள்ளியின் பெயரைப் போட்டு எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 11 இலக்க எண்ணோடு ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பக்கம் வரும், நல்ல வசதிதான். ஆனால் அது முந்தைய கல்வியாண்டின் நிலவரம், பள்ளியே நிரப்பிக் கொடுத்தது. அதில் தெரியாத ஒரு சொல் இருக்கிறது: மாற்றுப்பணி. ஓர் ஆசிரியருக்கு இந்தப் பள்ளியில் பணியிடம், சம்பளம், பெயர் எல்லாம் இருக்கும், ஆளை மட்டும் ஆள் குறைவான வேறு பள்ளிக்கு அனுப்பியிருப்பார்கள். தாளில் 5, நேரில் 4. நேரில் போகும்போது, "எத்தனை ஆசிரியர்?" என்று கேட்காமல் "இன்னைக்கு எத்தனை பேர் வந்திருக்காங்க, மாற்றுப்பணியில யாராவது போயிருக்காங்களா?" என்று கேளுங்கள். இந்தச் சொல்லை ஒரு பெற்றோர் வாயிலிருந்து கேட்டதுமே தலைமையாசிரியர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, நேரில் போய் எதைப் பார்ப்பது? எல்லாப் பெற்றோரும் 1-ஆம் வகுப்பைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். பிள்ளை சேரப்போவது அங்கேதானே. நான் மூன்றாம் வகுப்பைப் பார்க்கச் சொல்வேன். இது எனக்குச் சுயமாகத் தோன்றிய ஞானம் இல்லை, ஒரு கொத்தனார் கற்றுக்கொடுத்தது.

நான் தலைமையாசிரியராக இருந்தபோது சேர்க்கை நேரத்தில் ஒரு கொத்தனார் வந்தார். சட்டையில் சிமென்ட் கறை காயவில்லை. "சார், மூணாவது படிக்கிற பசங்க வாசிக்கிறதைக் கொஞ்சம் கேக்கலாமா?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இவர் என்ன எனக்கு இன்ஸ்பெக்ஷன் நடத்துகிறாரா? "இப்ப பாடம் நடக்குது, அப்புறம் வாங்க" என்றேன். அவர் அப்புறம் வரவில்லை, பையனை வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார். அன்று மதியம் சாப்பிட்டபின் மனசு கேட்காமல் மூன்றாம் வகுப்பில் போய் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாக வாசிக்கச் சொன்னேன். 27 பேரில் 11 பேருக்கு ஒரு வரிகூடச் சேர்த்துப் படிக்க வரவில்லை. இரண்டு வருடம் 'வெரி குட்' போட்ட நோட்டுகள் அவர்கள் பையில் இருந்தன. சுவரில் நான் வரையவைத்த மயிலும் பாரதியும் பளபளவென்று இருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பு முடிகிற பிள்ளை என்றால் அந்தப் பள்ளி மூன்று வருடம் சமைத்த சோறு. 1-ஆம் வகுப்பில் யார் நன்றாகப் படித்தாலும் அது நர்சரியின் வேலையாகவோ வீட்டின் வேலையாகவோ இருக்கலாம். மூன்றாம் வகுப்பில் அந்தச் சாக்கு செல்லாது. பதம் பார்க்க வேண்டிய பருக்கை அதுதான்.

அதனால் ஆண்டுத் தேர்வுக்கு முன்னால், இந்த மாதத்துக்குள்ளேயே, வேலைக்குக் கொஞ்சம் தாமதமாகப் போவதாகச் சொல்லிவிட்டு மூன்று பள்ளிக்கும் ஒவ்வொரு நாள் போங்கள். முதலில் தலைமையாசிரியரைப் பார்த்து, "பொண்ணைச் சேர்க்கலாம்னு இருக்கேன், மூணாம் வகுப்புல 10 நிமிஷம் உட்காரலாமா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் அங்கே வாசிக்க எழுப்பப்படும் முதல் பிள்ளையை விட்டுவிடுங்கள். அது எல்லாப் பள்ளியிலும் கணீரென்று வாசிக்கும். அதை அதற்கென்றே வைத்திருப்போம். ஜன்னல் ஓரத்திலும் கடைசியிலும் இருக்கும் பிள்ளைகளை, "நீயும் ஒரு வரி படிக்கிறியா கண்ணு?" என்று கேளுங்கள். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி போதும். திணறினால் பரவாயில்லை. திணறும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். "அவன் லீவு போட்டுட்டே இருப்பான்மா, அவனை விடுங்க" என்பவர் ஒரு ரகம். பக்கத்தில் போய்க் குனிந்து முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பவர் இன்னொரு ரகம். எனக்கு இதற்கு மேல் ஒரு மதிப்பெண்ணும் வேண்டாம்.

நோட்டுகளையும் புரட்டுங்கள். 25 நோட்டிலும் ஒரே வரி, ஒரே பிழையோடு இருந்தால் பலகையில் எழுதிப்போட்டு எழுதவைக்கிறார்கள் என்று பொருள். பிள்ளைக்குப் பிள்ளை வாக்கியம் மாறியிருந்து, சிவப்பு மையில் திருத்தமும் அதற்குக் கீழே பிள்ளை மறுபடி எழுதியதும் இருந்தால் அங்கே வேலை நடக்கிறது.

இன்னொரு கேள்வியும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அவரவர் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரித்துப் பயிற்சி கொடுப்பது வழக்கம். "ஜூன்ல அரும்புல எத்தனை பேர் இருந்தாங்க, இப்ப எத்தனை பேர்?" என்று கேளுங்கள். "ஜூன்ல 12, இப்ப 4, அந்த 4 பேர்ல ரெண்டு பேர் வேலைக்காக ஊர் ஊராப் போற குடும்பம்" என்று பதில் வந்தால் பள்ளி பிள்ளைகளைத் தெரிந்து வைத்திருக்கிறது. "எங்க பள்ளியில எல்லாருமே மலருங்க" என்று வந்தால் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அப்படி ஒரு தோட்டத்தை நான் என் வேலைக்காலம் முழுக்கப் பார்த்ததில்லை.

முடிந்தால் ஒரு பள்ளிக்கு மாசி மகத்துக்கு மறுநாள் போங்கள். தேவனாம்பட்டினம் கடற்கரையில் முந்தின நாள் அலைந்த களைப்பில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். அன்றைக்கு வந்த பாதிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது சுவாரசியமான காட்சி.

மாலை 4 மணிக்கு மேல் வாசலில் 10 நிமிடம் நின்றாலும் நிறையத் தெரியும். 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பாட்டிகளிடம், "ஸ்கூல் நல்லா இருக்குங்களா?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள், அதில் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. "மூணு வருஷத்துல எத்தனை டீச்சர் மாறினாங்க? பெற்றோர் கூட்டத்துக்குப் போன தடவை கூப்பிட்டாங்களா, என்ன பேசுனாங்க?" என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள் இருக்க வேண்டும், மொத்தக் குழுவில் பாதிப் பேர் பெண்கள் என்பது சட்டம். குழுத் தலைவர் யாரென்று வாசலில் நிற்பவர்களுக்கே தெரியவில்லை என்றால் அந்தக் குழு நோட்டில் மட்டும் கூடுகிறது.

அட்டவணையின் மற்ற கட்டங்களை வேகமாகத் தாண்டலாம். ஸ்மார்ட் போர்டுக்கு நீங்கள் கொடுத்த 10 மதிப்பெண்ணில் 8-ஐ அடித்துவிடுங்கள். 6 வயதுப் பிள்ளைக்கு வேண்டியது கைக்கெட்டும் உயரத்தில் ஒரு கரும்பலகையும் ஒரு துண்டு சாக்பீசும். கழிப்பறையை மதியம் சாப்பாடு முடிந்தபின் பாருங்கள், காலையில் எல்லாப் பள்ளியிலும் சுத்தமாகத்தான் இருக்கும். தாழ்ப்பாள் போடுகிறதா, தண்ணீர் வருகிறதா, அவ்வளவுதான். சாப்பாட்டில் மூன்றுக்கும் இப்போது வித்தியாசம் இல்லை. முதலமைச்சரின் காலை உணவு 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்டில் வந்தது. மதியச் சத்துணவில் 5 நாளும் முட்டை உண்டு. நீங்கள் 9 மணிக்குள் கிளம்ப வேண்டிய வீட்டில் காலை உப்புமாவும் பொங்கலும் பள்ளியில் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. மழைக்காலம் மட்டும் விசாரியுங்கள். கடலூர்க்காரருக்கு இதைச் சொல்லவே வேண்டாம். நவம்பர், டிசம்பரில் எந்த வளாகத்தில் தண்ணீர் தேங்குகிறது, எதை நிவாரண முகாமாக எடுத்துக்கொள்கிறார்கள், 2024-இல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு எது முதலில் திறந்தது என்று அக்கம்பக்கத்தில் கேட்டாலே தெரியும்.

ஆங்கில வழிதான் உங்களை மிகவும் இழுக்கிறது என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. பாலம் தாண்டிய பள்ளியில் ஆங்கில வழிக்குத் தனி அறை, தனி ஆசிரியர் இருக்கிறாரா? பெரும்பாலான தொடக்கப்பள்ளிகளில் தமிழ் வழியும் ஆங்கில வழியும் ஒரே அறை, ஒரே ஆசிரியர். பதிவேடும் புத்தகமும் மட்டும் இரண்டு. அப்படி இருந்தால் உங்கள் மகள் கணக்கையும் சூழ்நிலையியலையும் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுவாள். இரண்டும் அரைகுறையாகப் போகும் ஆபத்து அதில் உண்டு. தமிழ் வழியில் சேர்த்தாலும் ஆங்கிலம் ஒரு பாடமாக 1-ஆம் வகுப்பிலிருந்தே உண்டு. இன்னொன்று: தமிழ்நாட்டு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது. அதற்கு 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்ததற்குச் சான்று கேட்கிறார்கள். 20 வருடம் கழித்து வருவதை இப்போதே கணக்குப் போட வேண்டாம், ஆனால் தெரியாமல் இழக்கவும் வேண்டாம். என் வீட்டுப் பிள்ளை என்றால் 1-ஆம் வகுப்பில் தமிழ் வழிதான்.

உதவி பெறும் பள்ளியைப் பற்றி ஒரு பயம் ஊரில் உலவுகிறது: "அங்க சேர்த்தா டாக்டர் சீட்டுக்கு 7.5 சதவீதம் போயிடும்." மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான அந்த உள் ஒதுக்கீட்டுக்குப் பார்ப்பது 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்ததை. 5 வரை எங்கே படித்தாலும் அது பாதிக்காது. அந்தப் பயத்தால் மட்டும் அதை ஒதுக்காதீர்கள். உதவி பெறும் பள்ளியில் ஒரு நன்மை உண்டு. ஆசிரியர்கள் கலந்தாய்வில் மாறிப் போவதில்லை, ஒரே ஆசிரியரிடம் அம்மாவும் மகளும் படித்த கதைகூடக் கேட்டிருக்கிறேன். நன்றாக நடத்துபவர்கள் கடைசிவரை இருப்பார்கள். நடத்தாதவர்களும் அப்படியேதான். கட்டணம் கேட்பது அந்தச் சுயநிதி ஆங்கிலப் பிரிவுக்கு மட்டும். கட்டணத்தால்தானே நர்சரியை விட்டு வெளியே வருகிறீர்கள், மறுபடி அதே வாசலில் போய் நிற்பானேன்? அங்கே சேர்ப்பதென்றால் தமிழ் வழிப் பிரிவில் சேருங்கள்.

அக்கா சொல்வது பொய்யில்லை. புதுச்சேரி அரசுத் தொடக்கப்பள்ளிகள் நம் பக்கம் போல மாநிலப் பாடத்திட்டத்தில் இல்லை, சிபிஎஸ்இதான். ஆனால் பாடத்திட்டத்துக்காக 6 வயதுப் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்து இன்னொரு வீட்டில் விடுவதா? வேண்டாம். அக்கா எவ்வளவு பாசமாக இருந்தாலும் வேண்டாம். இரவு படுக்கும்போது, "இன்னைக்கு டீச்சர் என்ன சொன்னாங்க?" என்று கேட்க ஆள் இருப்பதுதான் அந்த வயதில் பாடத்திட்டம். போதாததற்கு அந்த மாநிலத்துச் சலுகைகள் அந்த மாநிலக் குடியிருப்பைப் பொறுத்தவை, நீங்கள் கடலூர்க்காரர்.

இப்போது தூரம். விதிப்படி 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைக்கு 1 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும், உங்கள் தெருப்பள்ளி அதற்குத்தான் இருக்கிறது. பாலம் தாண்டிய பள்ளிக்கு ஒரு வசதி உண்டு, அதை நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் கடை லாரன்ஸ் ரோட்டில், அதுவும் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான். காலையில் உங்களோடேயே வந்துவிடுவாள், காலை உணவையும் அங்கேயே சாப்பிடுவாள். சிக்கல் மாலையில். 4 மணிக்கு நீங்கள் கடையில் இருப்பீர்கள். கணவருக்குக் காலை ஷிஃப்ட் உள்ள வாரங்களில் அவர் வந்து கூட்டிப் போகலாம். மற்ற வாரங்களுக்கு? மாமியாரால் பாலம் தாண்ட முடியாது. ஷேர் ஆட்டோவில் அந்த வயதுப் பிள்ளையைத் தனியாக ஏற்றிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே பள்ளியில் உங்கள் தெருவிலிருந்து போகும் பெரிய வகுப்புப் பிள்ளையோ பெற்றோரோ யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். நடுநிலைப்பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை இருப்பதால் அப்படி யாராவது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். முதலில் தெருப்பள்ளியின் மூன்றாம் வகுப்பில் போய் உட்காருவேன். 38 பிள்ளை என்றால் மூன்றாம் வகுப்பில் 7, 8 பேர் இருப்பார்கள், எல்லாரையுமே வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிடலாம். அதில் 5 பேர் தடங்கலில்லாமல் வாசித்து, அந்த ஆசிரியரும் அடுத்த வருடம் மாறுதல் கேட்கும் யோசனையில் இல்லை என்றால், பாட்டி வாசலில் நிற்கும் அந்தப் பள்ளியிலேயே சேர்த்துவிடுவேன். 61 மதிப்பெண்ணை மறந்துவிடலாம். இரண்டு மூன்று பேர்தான் வாசிக்கிறார்கள் என்றால் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மாலைக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டு பாலத்தைத் தாண்டுவேன், அங்கேயும் மூன்றாம் வகுப்பு தேறினால். மாலைக்கு ஆளே கிடைக்கவில்லை என்றால்தான் உதவி பெறும் பள்ளி. அது உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்கள் எழுதவில்லை.

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வேண்டாம். நட்டுவிட்ட தென்னை இல்லை இது. 8-ஆம் வகுப்புவரை ஒரு பள்ளியிலிருந்து இன்னோர் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சட்டமே கொடுக்கிறது. மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. முடிந்தவரை வருட நடுவில் மாற்றாதீர்கள், பிள்ளைக்குச் சிநேகிதம் அறுந்துவிடும்.

நர்சரியின் பாக்கித் தவணை பற்றி ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகவாவது. ஆனால் பாக்கியைக் காட்டி அவர்கள் சான்றிதழைப் பிடித்துவைத்தால் அதற்காக அரசுப் பள்ளிச் சேர்க்கையைத் தள்ளிப்போடாதீர்கள். கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல், புகைப்படம் எடுத்துக்கொண்டு போங்கள். கடந்த சில வருடங்களாக மார்ச் தொடக்கத்திலேயே சேர்க்கையை ஆரம்பித்துவிடுகிறார்கள், ஜூன்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று பள்ளியையும் பார்க்க உங்களுக்கு இந்த மாதம்தான் இருக்கிறது.